பல்லறிஞர் வாயை மூடிய வருடம்

பல்லறிஞர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் பழக்கம் இருக்கும். பல் மருத்துவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், வலி தாங்காமல் நாமாகப் போய் நிற்கும்வரை தன் அறையில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பார். பல்லறிஞர் அப்படியா? அவரே தேடி வருவார். பேருந்தில் பக்கத்து இருக்கையில், இழவு வீட்டு வாசலில், லிஃப்டுக்குள்ளே, எங்கே இருந்தாலும் நீங்கள் கொட்டாவி விடும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து, "கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தினது. பார்த்துக்குங்க" என்பார். அதோடு போய்த் தொலைந்தால் பரவாயில்லை. போகமாட்டார். இனிமேல்தான் ஆரம்பிப்பார்.

நாம் பார்க்கப்போகிறவர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். பல் சொத்தை ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மனிதர்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்காது; "யாரு, மேல் முன்பல் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறின ஆளா?" என்றுதான் சொந்த மைத்துனரையே விசாரிப்பார். அந்த மைத்துனர் இந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டி வெகுநாளாகிறது. கடைசியாக வந்தபோது, தட்டில் கேக்கை வைத்துக் கையில் கொடுத்துவிட்டு, அது தட்டிலிருந்து வாய்வரை போகும் வழி முழுக்க, சர்க்கரை பட்டதும் பல்லிலுள்ள கிருமிகள் எப்படி விருந்து சாப்பிடும், சாப்பிட்டுவிட்டு எப்படி அமிலத்தைக் கக்கும், அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சை எப்படி அரிக்கும், அரித்த ஓட்டைக்குள் யார் யார் குடியேறுவார்கள் என்று நம்மவர் விடாமல் விளக்கினார். மைத்துனர் கேக்கை அப்படியே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தது. தண்ணீரின் நன்மைகளும் கூடவே வந்தன.

இப்படிப்பட்டவரிடம்தான் நிலையத்தின் இயக்குநர் அந்த ஆராய்ச்சியை ஒப்படைத்தார். இரண்டு பள்ளிக்கூடங்கள். முதல் பள்ளியில் பிள்ளைகளுக்கு வாராவாரம் போய் என்ன சாப்பிடலாம், எது கூடாது, எப்படிப் பல் துலக்குவது என்று பாடம் நடத்தவேண்டும். இரண்டாவது பள்ளியில் மாதாமாதம் வாயை மட்டும் பார்க்கவேண்டும், பாடம் கிடையாது. வருடக் கடைசியில் எந்தப் பள்ளியில் சொத்தை குறைவு என்று பார்த்தால், பாடத்தின் பலன் தெரிந்துவிடும். அதுவரை இரண்டாவது பள்ளியில் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"ஒரு வார்த்தை கூடவா சார்?" என்றார் பல்லறிஞர். முகம் வெளுத்துவிட்டது.

"ஒரு வார்த்தை கூட."

"'ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி'ன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்கறேன் சார். மிச்சத்தை அதுங்களே புரிஞ்சுக்கும்."

"சார், நீங்க வாயைத் திறந்தா ஆராய்ச்சி கெட்டுப்போச்சு. அப்புறம் மொத்தத்தையும் தூக்கிப் பக்கத்து ரூம் ஈறுக்காரர்கிட்ட கொடுத்துடுவேன். பார்த்துக்குங்க."

ஈறுக்காரர் என்பவர் ஈறுகளை ஆராய்கிறவர். பல்லை ஈறின் வாடகைக்குடி என்று பேசுகிற மனிதர். அவரிடம் தோற்பதா? அதுகூடப் போகட்டும். பல்லறிஞர் பணயம் வைத்திருந்தது அதைவிடப் பெரியது. சொன்னால் பல் பிழைக்கும் என்பதை ஒருமுறை ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டால் போதும், இவ்வளவு காலம் அவர் பேசிய பேச்செல்லாம் வீண்பேச்சு இல்லை என்றாகிவிடும். அப்புறம் எந்த மைத்துனர் நடுவில் எழுந்து போகமுடியும்?

முதல் பள்ளியில் வெளுத்து வாங்கினார். பூசணிக்காய் பருமனில் ஒரு தாடை, துடைப்பம் நீளத்தில் ஒரு பிரஷ், சுவரை மறைக்கிற படங்கள். எல்லாவற்றையும்விட அந்த வர்ணனை இருக்கிறதே, அதுதான் உச்சம்.

"இந்தப் பால் டாஃபி இருக்கு பாருங்க," என்பார் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. "வாயில போட்டதும் என்ன பண்ணும்? மெதுவா இளகும். அப்படியே நாக்குல ஒட்டிக்கும். உருகி, உருகி, பல்லு இடுக்குல இறங்கும். மத்தியானம் வரைக்கும் அந்த இனிப்பு போகவே போகாது!"

பிள்ளைகள் எச்சில் விழுங்கினார்கள். அதை அவர் மனமாற்றம் என்று எடுத்துக்கொண்டார். மணி அடித்ததும் மொத்த வகுப்பும் வாசலில் இருந்த மிட்டாய்க் கடைக்கு ஓடியது. கடைக்காரர், பாடம் நடக்கும் கிழமைக்கு மட்டும் கூடுதலாகச் சரக்கு இறக்கத் தொடங்கினார்.

இரண்டாவது பள்ளியில் நடந்ததை எப்படிச் சொல்ல? பிள்ளை வாயைத் திறக்கும். டார்ச் அடித்துச் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பார். கடைவாயில் கறுப்பாக ஒரு புள்ளி. உடனே அடிவயிற்றிலிருந்து ஒரு சொற்பொழிவு புறப்பட்டு நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்கு வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொள்வார். கழுத்து நரம்பு புடைக்கும். புருவம் ஏறி நெற்றியில் போய் ஒட்டிக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் முட்டும்.

"சார், என்ன சார் இருக்கு?" என்று பிள்ளை கேட்கும்.

பதில் கிடையாது. ஒரு நீண்ட பெருமூச்சு. கூரையை ஒரு பார்வை. பிறகு, வேறு எப்படித்தான் தன் பாசத்தைக் காட்டுவது என்று தெரியாமல், பிள்ளையின் தலையில் கையை வைத்து ஒருமுறை தடவிவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டுவார்.

மாதாமாதம் இதே கூத்து. வீட்டுக்கு வந்ததும், அடக்கி வைத்ததெல்லாம் மனைவி தலையில் இறங்கும். அவள் காபியில் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டாள். பல்லுக்காக அல்ல, காதுக்காக.

வருடம் முடிந்தது. இரண்டு பள்ளிகளிலும் பற்களைப் பார்க்க வெளியாட்களை அனுப்பினார் இயக்குநர். முடிவு வந்தது. முதல் பள்ளியில் சொத்தை பெருகியிருந்தது. இரண்டாவது பள்ளியிலோ புதுச் சொத்தை ஒன்றுகூட இல்லை, பிள்ளைகளின் பற்கள் கழுவி வைத்த பீங்கான் மாதிரி பளபளத்தன.

பல்லறிஞர் நேராக இரண்டாவது பள்ளிக்கு ஓடினார். தலைமையாசிரியை மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"உண்மையைச் சொல்லுங்க மேடம். இங்க யாரு பாடம் நடத்தினது? ஈறுக்காரர் வந்துட்டுப் போனாரா?"

"ஐயோ, யாரும் வரல சார். எல்லாம் நீங்க பண்ணினதுதான்."

"நானா? நான் ஒரு வார்த்தை பேசலையே!"

"அதுதான் சார் விஷயமே! வாயைப் பார்த்துட்டு ஒண்ணுமே சொல்லாமப் பெருமூச்சு விட்டீங்களா, தலையில வேற கைய வச்சீங்களா, பசங்க வீட்டுக்குப் போய் ஒரே அழுகை. டாக்டர் சொல்லக்கூட முடியாத நிலைமைபோலன்னு பெத்தவங்க ஆடிப்போயிட்டாங்க. தெருவுல ஒரு கடையிலகூட பிரஷ் மிச்சமில்ல. நம்ம வாசல்ல மிட்டாய் வித்தவர் இப்ப வெள்ளரிக்காய் விக்கறார். நானே மூணு வேளையும் துலக்கறேன் சார்." சொல்லிவிட்டுத் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "கொஞ்சம் பார்க்கறீங்களா? ஆனா பெருமூச்சு மட்டும் விட்டுடாதீங்க."

பார்க்கிற நிலையில் அவர் இல்லை. இயக்குநருக்கு வேறு தொலைபேசியில் சிரித்து மாளவில்லை. "அப்போ நம்ம ஆராய்ச்சி முடிவு என்ன சார்? நீங்க சும்மா இருந்தா ஊர்ல பல்லு பிழைக்கும்னு எழுதிடலாமா?"

அன்று சாயங்காலம் வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தவர் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

"ஏங்க, என்ன ஆச்சு?"

"நான் இத்தனை வருஷமா பேசினது ஒருத்தருக்கும் உதவலையாம். பேசினதாலதான் கெட்டுப்போச்சாம்." உண்மையாகவே அழுதுவிட்டார். சிரிக்காதீர்கள். மற்றவர்கள் பல்லுக்காக வாழ்ந்த மனிதர். அவருக்கு வேறு என்ன இருந்தது?

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நல்லதுக்குத்தானே சொன்னீங்க. யாரு இல்லன்னாங்க?" கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. போன வருஷம் எனக்குப் பல்லு வலி வந்துச்சுங்க. உயிர் போற வலி."

"என்கிட்ட சொல்லலையே!"

"எப்படிச் சொல்றது? சொன்னா நீங்க ஆரம்பிச்சுடுவீங்களே. அதுக்கு இந்த வலியே தேவலைன்னு இருந்துட்டேன். கடைசியில தம்பிதான் கூட்டிட்டுப் போனான். பிடுங்கிட்டு வந்துட்டோம்."

ஊரார் கொட்டாவிக்கெல்லாம் காத்துக் கிடந்தவருக்குத் தன் எதிரில் உட்கார்ந்து தினமும் சாப்பிடுகிறவள் ஒரு பக்கமாகவே மெல்லுவது தெரியவில்லை. "காட்டு" என்றார். டார்ச் அடித்தார். கடைவாயில் ஒரு பல் இருந்த இடம் ஆறிப்போய் வழவழவென்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

"என்னங்க?"

டார்ச்சை அணைக்கவில்லை, அந்த இடத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"என்னங்க, பக்கத்துப் பல்லும் போயிடுச்சா? ஏன் இப்படிப் பார்க்கறீங்க? ஐயோ, வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!"

கேட்டேவிட்டாள். பாவம், என்ன வேளையோ! சாப்பாடு ஆறி, தட்டு காய்ந்தும், அவர் பேச்சு இன்னும் மேல்வரிசையைத் தாண்டவில்லை.

என்ன, சிரித்தாயிற்றா? நல்லது. ஆனால் படிக்கும்போதே உங்கள் மனதில் ஒரு முகம் வந்து போயிருக்குமே? 'இதை அவருக்குப் படித்துக் காட்டவேண்டும், இதைக் கேட்டாவது திருந்தட்டும்' என்று தோன்றியதா? அவருடைய நல்லதுக்குத்தான், தெரியும். கொஞ்சம் உட்காருங்கள். அவர் பாட்டுக்கு அடுத்த அறையில் வாயை மூடிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். உங்கள் பேச்சுக்குப் பயந்து, உங்களுக்குத் தெரியாமல் எதையெதைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாரோ, யார் கண்டது?