ஆறு மூடி பாட்டரி

காரை விற்க விடுவதில்லை என்று ஹெட்கிளார்க் முடிவு கட்டினார். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கட்டினார். அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவர் முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

அது அவர் பிறப்பதற்கு முன்பே ஓட ஆரம்பித்த கார். ஆறு வோல்ட் பாட்டரி. இப்போது ரோட்டில் போகிற கார்களெல்லாம் பன்னிரண்டு வோல்ட்டில் ஓட, இது பாதி பலத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகும். அதற்கு மேல் எதற்கும் உத்தரவாதம் கிடையாது. முன்விளக்கைப் போட்டால், எரிகிறதா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். மழையில் வைப்பர் இந்தப் பக்கம் வந்து நின்று, திரும்பிப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும்.

தினமும் காலையில் ஹெட்கிளார்க் ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். அவர் மனைவி அம்மணி பின்னால் நின்று தள்ளுவாள். இருட்டிவிட்டால் காரைத் தொடவே மாட்டார். அம்மணி மருந்துக்கடையில் வேலை முடிந்து, பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்று, இடிபட்டு மிதிபட்டு வீடு வந்து சேர்வாள்.

"பன்னிரண்டு வோல்ட்டா மாத்திடப் போறேன்" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். எப்படி என்பதையும் ராத்திரிச் சாப்பாட்டின்போது விளக்குவார். "முதல்ல பாட்டரி, மூணு மூடி போய் ஆறு மூடி. அப்புறம் பல்பு பூரா. காயில், டைனமோ, ரெகுலேட்டர். வயரைத் தொட வேண்டாம், நல்லாத் தடியாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டரையும் தொட வேண்டாம், தாங்கும்." சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு படுக்கப் போய்விடுவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அம்மணி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஏங்க, காருக்கு ஒரு ஆள் கிடைச்சிருக்கார்."

"தள்ளறதுக்கா?"

"வாங்கறதுக்கு. பழைய கார் சேர்க்கிறவராம். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கிறார்."

ஹெட்கிளார்க் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். "என்னை ஒரு வார்த்தை கேட்காம..."

"தள்ளறப்ப என்னை யாராவது கேட்டாங்களா? ஆனா அவர் ஒரு கண்டிஷன் போட்டிருக்கார். அந்தக் காலத்துல எப்படி வந்துச்சோ அப்படியே ஆறு வோல்ட்டா இருக்கணுமாம். யாராவது பன்னிரண்டா மாத்தியிருந்தா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாராம். நல்ல வேளை, நீங்க இத்தனை வருஷமா ஒண்ணுமே பண்ணலை."

இதைக் கேட்டுவிட்டுத்தான் ஹெட்கிளார்க் பாத்ரூமுக்குள் போனார். வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பன்னிரண்டாக்கிவிட வேண்டும். அம்மணி காதுக்கு எட்டக் கூடாது. வருகிறவன் பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், போய்விடுவான். 'எனக்கு முன்னாடி வெச்சிருந்தவன் பண்ணின வேலை' என்று கையை விரித்துவிடலாம்.

"வித்துடலாம். நீ சொன்னா சரிதான்" என்றார். "வர்றவர் பார்க்கிறப்ப பளிச்சுன்னு இருக்கட்டும். இந்த வாரம் கொஞ்சம் துடைச்சு வைக்கிறேன்."

"துடைங்க, துடைங்க" என்றாள் அம்மணி.

மறுநாளே பாட்டரி வந்தது. போர்வையில் சுற்றி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் பூனை மாதிரி நுழைந்தார். அம்மணி அங்கேதான் நின்றிருந்தாள்.

"என்னங்க மூட்டை?"

"இஸ்திரித் துணி."

"துணியா இவ்வளவு கனம்? இந்த வளை வளையறீங்க?"

"கஞ்சி கொஞ்சம் அதிகமாப் போட்டுட்டான்."

"சரி, பார்த்து எடுத்துட்டுப் போங்க. கவுத்துடாதீங்க. கொட்டிச்சுன்னா தரை பொத்தலாயிடும்."

இஸ்திரித் துணி கொட்டினால் தரை எப்படிப் பொத்தலாகும் என்று ஹெட்கிளார்க்குக்குத் தோன்றவே இல்லை. தப்பித்தோம் என்கிற சந்தோஷத்தில் ஷெட்டுக்கு ஓடினார்.

அந்த வாரம் ஆபீஸ் விட்டதும் நேரே ஷெட்தான். ஒவ்வொரு பல்பாகக் கழற்றினார், ஒவ்வொன்றாக மாட்டினார். சனிக்கிழமை, "அக்கா வீட்டுக்குப் போயிட்டு மெதுவா வர்றேன்" என்று அம்மணி கிளம்பினாள். போகும்போது டார்ச் விளக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "ஷெட்டுல இருட்டா இருக்கும். நல்லாத் துடைக்கணும் இல்லையா?" எவ்வளவு அப்பாவிப் பெண் என்று அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது.

அந்தக் கார் பிறவியிலேயே ஏறுமாறு. மற்ற கார்களில் பாட்டரியின் மைனஸ் வயர் பாடியோடு சேரும். இதில் பிளஸ். அவசரத்தில் மாற்றி வைக்கப் போனார். பட்டென்று ஒரு பொறி பறந்தது. கார், ஷெட், தான் எல்லாம் சேர்ந்து போயிற்று என்று தெருக்கோடி வரை ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் அப்படியே இருந்தது. திரும்பி வந்து சரியாக மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

முனகலே இல்லை. ஒரே உதறல், எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஹெட்கிளார்க்குக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைப் போய் ஒருவன் ஓட்டிக்கொண்டு போவதா என்று ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்துவிட்டார். ஒல்லி உடம்பு, கறுப்புக் கண்ணாடி, இரவல் வாங்கினது போல் தொளதொள கோட்டு. காரைச் சுற்றி வந்தார். டயரை ஒரு உதை விட்டார். ஹெட்கிளார்க் தாமதிக்காமல் பானெட்டைத் தூக்கினார்.

"பிரமாதம்" என்றார் வந்தவர்.

ஹெட்கிளார்க் திடுக்கிட்டார். "எது?"

"எல்லாம்தான்."

"பாட்டரியை நல்லாப் பாருங்க."

"பார்த்தேன் சார். கறுப்பா, அம்சமா இருக்கு."

"மேல மூடி இருக்கு பாருங்க. எத்தனைன்னு எண்ணுங்க."

ஆறு வோல்ட் பாட்டரிக்கு மேலே மூன்று மூடிதான் இருக்கும். பன்னிரண்டுக்கு ஆறு. பழைய கார் சேர்க்கிறவன் தூக்கத்தில்கூடச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

வந்தவர் விரலை நீட்டி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு... ஆறு."

"ஆங். ஆறு."

"அப்ப ஆறு வோல்ட். நான் கேட்டதும் அதேதானே? முடிச்சுக்கலாம் சார். நாளைக்கே எடுத்துட்டுப் போறேன்."

அம்மணி இருமினாள். வந்தவர் காதில் வாங்கவில்லை. இன்னும் பலமாக இருமினாள்.

"தண்ணி குடிங்கக்கா" என்றார் வந்தவர்.

ஹெட்கிளார்க் காருக்குக் குறுக்கே வந்து நின்றார். கார் கை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. முன்னாடி வைத்திருந்தவன், அவன் பண்ணின வேலை, எல்லாம் மறந்து போயிற்று.

"ஐயா, இது பன்னிரண்டுங்க. ஒரு மூடிக்கு ரெண்டு வோல்ட். நான்தான் மாத்தினேன். இந்தக் கையாலதான் மாத்தினேன்."

வந்தவர் அம்மணியைப் பார்த்தார். அம்மணி புருஷனைப் பார்த்தாள்.

"மாத்திட்டீங்களா?"

"ஆமா."

"முன்விளக்கு?"

"மாத்தியாச்சு."

"வைப்பர்?"

"மாத்தியாச்சு."

"டைனமோ, ரெகுலேட்டர்?"

"அதுவும்தான்."

"உள்ள எரியுற விளக்கு?"

"அது... மறந்துட்டேன். போட்டா டப்புன்னு போயிடும்."

"சாயங்காலம் மாத்திடுங்க" என்றவள், வந்தவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கங்க. உங்களுக்குச் சரிப்படாது."

"அப்ப வேண்டாங்க" என்று ஏக சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார்.

இனி மண்டகப்படிதான் என்று ஹெட்கிளார்க் தலையைக் குனிந்து நின்றார். அம்மணி பெருமூச்சு விட்டாள். "போகட்டும். விக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. நாளையிலேருந்து சாயங்காலம் கடைக்கு வந்து என்னைக் கூட்டிட்டு வாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவேதானா? ஹெட்கிளார்க்குக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது. அன்று அடித்துப் போட்டது போல் தூங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மணியை ஜெயித்துவிட்டார் அல்லவா.

மறுநாள் சாயங்காலம் இருட்டும் நேரத்தில் ஷெட்டிலிருந்து கார் யாரும் தள்ளாமலேயே கிளம்பியது. தெரு முழுக்க வெளிச்சத்தை வாரி இறைத்துக்கொண்டு போய் ஹெட்கிளார்க் மருந்துக்கடை முன்னால் திரும்பினார். கடை வாசலில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒல்லி ஆள் ஒருவர் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். பழைய விளக்காக இருந்தால் ஏதோ நிழல் ஆடுகிறது என்று விட்டிருப்பார். பன்னிரண்டு வோல்ட்டில் மூக்கு, முழி, மோவாய் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி மட்டும்தான் இல்லை.

"அக்கா, சார் வந்துட்டாரு" என்று கத்திவிட்டு அந்த ஆள் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினார்.

அம்மணி நிதானமாக வெளியே வந்து, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள்.

"அந்த ஆளு..." என்றார் ஹெட்கிளார்க்.

"புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்கார். நல்ல மனுஷன். மூணு மூடின்னா ஆறு, ஆறு மூடின்னா பன்னிரண்டுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் அனுப்பினேன். அங்க வந்து சொதப்பிட்டார்."

"மூடிக் கணக்கு உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லாக் கேட்டீங்க. தினம் ராத்திரி சோத்தோட அதைத்தானே பிசைஞ்சு தர்றீங்க."

கார் சீராகப் போய்க்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற கும்பலைத் தாண்டும்போது அம்மணி காலை நீட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப விக்கிற எண்ணமே இல்லையா?"

"இதை வித்துட்டா, அப்புறம் உங்க மூஞ்சியை யார் பார்க்கிறது?"

கோபம் வர வேண்டிய இடம்தான். ஹெட்கிளார்க்குக்கு வரவில்லை. கார் தன்னுடையது. யாரும் வாங்க வரவில்லை, வரப்போவதும் இல்லை. அவருக்கு ஹாரன் அடிக்க வேண்டும் போல் இருந்தது. எதிரே யாரும் இல்லாமலேயே ஒரு தடவை அடித்தார்.

"ஏங்க" என்றாள் அம்மணி.

"ம்."

"அடுத்த வாரம் நம்ம வீட்டை விலைக்குப் பார்க்க ஒருத்தர் வர்றார். புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா வாங்கவே மாட்டாராம்."

அப்படி ஒருத்தர் உலகத்திலேயே கிடையாது என்று ஹெட்கிளார்க்குக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏணி மேல் நின்று பழைய பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதும் தெரியும்.