கண்ணாடிப் புட்டியும் உன் அக்காவின் இடுப்பும்

அன்புள்ள மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. இந்த வீட்டில் அனைவரும் என்றால் நானும் உன் அக்காவும்தான். அதில் ஒருவர் இடுப்புக்குள் உலோகக் கம்பியோடு படுத்திருப்பதால், பாதிப் பேர் நலம் என்று எழுதுகிறேன். கப்பலில் நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். அங்கே குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

போன மாதம் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டு, "அக்கா எப்படி அத்தான் விழுந்தாங்க?" என்று கேட்டாய். "தலை சுத்திடுச்சுப்பா" என்றேன். அது பொய். உண்மையை எழுத எனக்கு ஐந்து வாரம் ஆகியிருக்கிறது.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் கடைக்காரர்களின் தராசைத் தட்டிப் பார்த்தவனுக்கு, வீட்டுக்கு வந்த பிறகு தட்டிப் பார்க்க வீட்டைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கை சும்மா இராமல் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து, பிளாஸ்டிக்கை மட்டும் பொறுக்கி எடை போட்டேன். ஒரு வாரத்துக்கு ஒரு கிலோ நூற்றுப் பத்து கிராம்! இரண்டே பேர், தம்பி. அதில் பாதிக்கு மேல் குளியலறைச் சாமான். ஷாம்பு புட்டி, பற்பசைக் குழாய், தேய்ந்த பிரஷ், கிரீம் டப்பா. அந்தச் சனிக்கிழமைதான் என்னைச் சனி பிடித்தது.

வீட்டில் பிளாஸ்டிக்கையே ஒழிப்பதென்று முதலில் மூங்கில் பிரஷ் வாங்கினேன், மூன்றாவது வாரம் அதன் காம்பில் கறுப்பாகப் பூசணம் பூத்தது, "மீசை முளைச்சிருக்கு, அதையும் சேர்த்து ஷேவ் பண்ணிடுங்க" என்றாள் உன் அக்கா, ஷேவ் பண்ணவும் நான் இரும்பு ரேசருக்கு மாறியிருந்தேன், அது முதல் நாளே என் தாடையில் இரண்டு கோடு கிழித்தது, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நின்றவனிடம் தபால்காரர் "வீட்ல சண்டையா சார்?" என்று தணிந்த குரலில் விசாரித்தார். பற்பசைக்குப் பதில் நானே பல்பொடி இடித்தேன், அதில் உப்பு கூடிப்போய் ஈறு எரிந்தது. ஷாம்புக்குப் பதில் காகிதத்தில் சுற்றிய தலைச் சோப்பு. "எனக்கு இது ஒத்துக்கலைங்க. சீப்பு உள்ளேயே போக மாட்டேங்குது" என்று அவள் சொன்னபோது, "பழகிடும்" என்றேன். அப்போதெல்லாம் எதற்கும் அதே பதில்தான் வைத்திருந்தேன். எண்ணெய், கை கழுவும் சோப்பு எல்லாவற்றையும் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி வரிசையாக வைத்தேன். கடைசியில், வழுக்காமலிருக்கக் குளியலறையில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பையும் சுருட்டி எடுத்துவிட்டேன். துணிப் பையும் தலைச் சோப்பும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, அதை இப்போதும் சொல்வேன். ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. வாராவாரம் எடையைத் தாளில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். கடைசி வாரம் தொண்ணூறு கிராம். அதை உன் அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "நல்லது" என்றாள்.

மறு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் குளியலறையில் தடாலென்று ஒரு சத்தம், கூடவே கண்ணாடி நொறுங்கும் சத்தம். உள்ளே தாழ் போட்டிருந்தது. கீழே பட்டறை வைத்திருக்கும் தச்சர் உளியோடு ஓடிவந்து கதவைப் பெயர்த்தார். உன் அக்கா ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். சுற்றிலும் சோப்புத் தண்ணீர், கண்ணாடிச் சில்லு. நான் உள்ளே காலை வைத்ததும், "வராதீங்க, கால்ல குத்திடும், செருப்பைப் போட்டுட்டு வாங்க" என்றாள். இடுப்பு முறிந்து கிடந்தவள் சொன்ன முதல் வார்த்தை அது. தச்சர் தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த வயசுல கீழ ஒரு மேட் கூடப் போடாமலா சார் குளிக்கிறீங்க?" நான் செருப்பைத் தேடப் போனேன்.

ஆறு நாள் ஆஸ்பத்திரி. மருந்து இறங்கும் பை, குழாய், ஊசி, கையுறை, முகமூடி, சிறுநீர்ப் பை என்று அவள் உடம்பைத் தொட்டதெல்லாம் பிளாஸ்டிக். அது இல்லையென்றால் அவள் இல்லை. எலும்பு டாக்டரிடம், "நடப்பாளா டாக்டர்?" என்று கேட்டேன். "வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நாலு எட்டு வைக்கலாம். தனியா நடக்கிறதை மறந்துடுங்க" என்றார். அதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பிசியோதெரபிக்கு வரும் பெண் காலை மடக்கும்போதெல்லாம், "எப்பம்மா நான் மொட்டை மாடி ஏறுவேன்?" என்று உன் அக்கா கேட்கிறாள். அந்தப் பெண் என்னைப் பார்க்கிறது, நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

இப்போது வீட்டில் டயப்பர், பிளாஸ்டிக் விரிப்பு, ஈரத் துடைப்பான், படுத்தபடியே மலம் கழிக்க ஒரு தட்டு. குப்பை எடுக்க வரும் அம்மா நேற்று மூட்டையைத் தூக்கிவிட்டு, "என்ன சார், உங்க வீட்டுப் பை காத்து மாதிரி இருக்கும். இப்ப இந்தக் கனம் கனக்குது?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டு கதவைச் சாத்தினேன். உன் அக்கா அழுவதில்லை. நான் டயப்பர் மாற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கோபம் என்றால் தாங்கிக்கொள்வேன். அது கூச்சம். முப்பத்தேழு வருடக் குடித்தனத்துக்குப் பிறகு என்னிடம் கூச்சம்.

ஆகவே தம்பி, விரிப்பை எடுத்தவன் நான். புட்டியை வைத்தவன் நான். உன் அக்காவைப் படுக்கையில் தள்ளியது தலைசுற்றல் இல்லை, உன் அத்தான். இனி என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே. அவளோடு மட்டும் பேசு.

கடல் உனக்குச் சாதுவாக இருக்கட்டும், கரையேறும் நாள் நல்ல நாளாக இருக்கட்டும். அக்காவின் ஆசி உனக்கு முழுதாக உண்டு. என்னுடையதை வேண்டுமானால் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது, "கொடுங்க, நானும் படிக்கிறேன்" என்று உன் அக்கா வாங்கிக்கொண்டாள். முழுக்கப் படித்தாள். டாக்டர் சொன்ன இடத்தில் மட்டும் சற்று நின்றாள். பிறகு, "புட்டி மேல ஒண்ணும் தப்பில்லைங்க. நான் விழும்போது கை பட்டுத்தான் அது உடைஞ்சுது" என்றாள்.

"அப்ப எப்படி விழுந்தே?"

"பக்கெட்டைக் கவுத்துப் போட்டு மேல ஏறினேன். மேல வென்டிலேட்டர் ஜன்னல் இடுக்குல ஷாம்பு பாக்கெட் ஒரு சரம் ஒளிச்சு வெச்சிருந்தேன்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள், "கேக்கப் பயமா இருந்துச்சு."

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். சரம் அங்கேயே இருந்தது. ஒன்றைக் கிழித்து, தலைமாட்டில் பேசினை வைத்து, படுத்தபடியே அவளுக்குத் தலை அலசிவிட்டேன். அந்த நேரம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மேலே எழுதியதைத் திருத்தி எழுத எனக்குத் தெம்பில்லை. விரிப்பையும் புட்டியையும் நீயே அடித்துவிட்டுப் படி. என் பெயரை மட்டும் அடிக்காதே.