நுரை அண்ணாச்சியும் நல்ல தண்ணீரும்

மனிதர்களை நம்பாமல் நுரையை மட்டும் நம்பி வாழ்ந்த ஒரே பிறவி எங்கள் நுரை அண்ணாச்சிதான். திருத்தங்கல் பக்கம் ஒரு கல்மாவு கம்பெனியில் அவர் சோதனைக்கூடம் பார்த்தார். நான் ஆபீஸ் பார்த்தேன்.

டீக்கடையில் கிளாசைத் தூக்கி வெயிலில் பிடிப்பார். "குமிழி பெருசுய்யா, சரக்கு நிக்காது" என்று திருப்பிக் கொடுப்பார். சலூனில் பாதி முகத்து நுரையோடு எழுந்து, சோப்பைக் குழைப்பது எப்படி என்று பாடம் எடுப்பார். அவர் தலை தெரிந்தாலே சலூன்காரர் ஷட்டரை இறக்கிவிடுவார்.

நாங்கள் அரைக்கும் ஃபெல்ஸ்பார் கல்லில் பொட்டாஷ், சோடா என்று இரண்டு வகை. அரைத்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. பீங்கான் கம்பெனிகள் கேட்பதோ பொட்டாஷை மட்டும். அண்ணாச்சி மாவைத் தண்ணீரில் கலக்கி, மருந்து விட்டு, காற்றை ஊதுவார். பொட்டாஷ் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். சோடா அடியில் தங்கும். அன்றைக்கு முழுக்க அவர் தரையில் நடக்க மாட்டார்.

பெரிய ஆர்டரோடு ஒரு பீங்கான் கம்பெனிக்காரர் நேரில் பார்க்க வந்தார். "இன்னைக்குப் பிரிச்சுக் காட்டலேன்னா வீட்டுக்குப் போயிருங்க" என்று முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார்.

எனக்குக் கம்பெனி மானம் பெரிதாயிற்றே! எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. விருந்தாளி முன்னால் அதையா வைப்பது? பக்கத்து காலண்டர் அச்சகத்தில் கேன்களை வாங்கி, சோதனைக்கான டிரம்மில் நல்ல தண்ணீரை நிரப்பினேன்.

நுரை பொங்கியது. இரண்டு கல்லும் கைகோத்துக்கொண்டு மேலே வந்தன. சாயம் போட்டால் பொட்டாஷ் மஞ்சளாகும். நுரையோடு வழித்த மாவில் பாதி வெள்ளையாகவே நின்றது. மூன்று முறை ஊதியும் அதே கதி. வந்தவர் காரில் ஏறிவிட்டார்.

அண்ணாச்சி டிரம் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏலே, இனிக்குதுலே! அந்த உப்புதான சோடாவ அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு! அத வச்சுத்தான அம்புட்டு மருந்துக்கும் அளவு போட்டேன்! கெடுத்தியேலே, படிச்ச முட்டாளே!"

முதலாளி ஓடிவந்து, "என்னய்யா ஆச்சு?" என்று கத்தினார்.

"மருந்து அளவு தப்பிருச்சு முதலாளி. எம் மேலதான் தப்பு" என்றார் அண்ணாச்சி.

அன்றே வேலை போனது. வாசலில் என்னிடம் சொன்னார்: "ஒனக்குப் பிள்ளைக பள்ளிக்கூடம் போகுதுக. வாயத் தெறந்த, கொன்னுருவேன்."

முதலாளி, இந்தப் பத்திரிகை உங்கள் மேஜைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். தண்ணீரை மாற்றியது நான்தான். அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். திட்டுவதற்கு அவர் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.