ஒரு மஞ்சள் விளக்கு இன்னும் எரிகிறது, மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் நலம். நீங்கள் அனுப்பிவைத்த கார் நலமாக இல்லை. அங்கே நீங்களும் பாப்பாவும் அவள் வயிற்றில் இருப்பதும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பில்லை. போனில் சொல்லாமல் மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், பாப்பா படுத்தபடியே கேட்கிறாள். அசையாமல் படு என்று டாக்டர் சொல்லியிருக்கும் பெண்ணின் காதில் விழக்கூடிய சங்கதி அல்ல இது. தவிர, இந்தப் பக்கம் உங்கள் அத்தை நின்று கேட்பாள். ஆகவே கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்துக்கு நாங்கள் வந்து சேர முடியாது போலிருக்கிறது. அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள், பாப்பா அம்மா அம்மா என்று அரற்றுகிறாள், எல்லாம் தெரியும். அத்தையின் முழங்கால் பஸ் படி ஏறாது என்பதற்காகத்தான் நீங்கள் நண்பர் மூலம் உங்கள் சின்னக் காரை இங்கே அனுப்பி, மெதுவாக ஓட்டிக்கொண்டு வாருங்கள் மாமா என்றீர்கள். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். வாடகைக் காரின் டாஷ்போர்டை என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா மாப்பிள்ளை? அதில் எரியாத விளக்கே கிடையாது. அதை ஓட்டுபவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார். அந்த வண்டியில் உங்கள் அத்தையை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

நான் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்றவன். நீங்கள் முதன்முதல் வீட்டுக்கு வந்த அன்று நான் அதைப் பற்றி மட்டுமே பேசியதாகவும், உங்களைச் சாப்பிடவே விடவில்லை என்றும் உங்கள் அத்தை இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்கிறாள். இருக்கட்டும். விளக்கு என்பது எங்களுக்கு அலங்காரம் இல்லை. ஒரு விளக்கு எரிந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது, காரணம் தெரியும்வரை வண்டி நகரக் கூடாது. அதனால்தான், "சும்மா எரியும் மாமா, கண்டுக்காதீங்க" என்று நீங்கள் போனில் சொன்னபோது நான் போனை வைத்துவிட்டேன். கோபமில்லை.

நாங்கள் கிளம்பாமல் இல்லை. போன வாரமே கிளம்பினோம். குழந்தைக்கென்று உங்கள் அத்தை தைத்த துணியெல்லாம் ஒரே மூட்டை. பின்சீட்டில் போட்டால் கசங்கிவிடுமாம், தான் பின்னால் உட்கார்ந்துகொண்டு மூட்டையை முன்சீட்டில் வைத்தாள். உடனே ஒரு சிவப்பு விளக்கும் டிங் டிங் என்று ஒரு சத்தமும். முன்சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்கிறது கார். மூட்டையை ஆள் என்று நினைத்துக்கொண்டது. சரி என்று மூட்டைக்கு பெல்ட் போட்டேன், அணைந்தது. அத்தை கூடச் சிரித்தாள். கடைத்தெரு திருப்பம் வரைக்கும் அந்தச் சிரிப்பு இருந்தது. திருப்பத்தில் வண்டி ஒரு தடவை நின்றுவிட, மறுபடி சாவியைத் திருகினேன், அவ்வளவுதான், எனக்கு எதிரில் இருந்த அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்தன. பிரேக், ஸ்டியரிங், பேட்டரி, எஞ்சின், காற்றுப்பை, எல்லாம். சாத்தியிருக்கும் கதவைத் திறந்திருக்கிறது என்கிறது. எங்கள் வேலையில் ஒரு பலகையில் எல்லாம் ஒன்றாக எரிந்தால் அதற்குப் பேர் கோளாறு இல்லை, அதற்குப் பேர் விபத்து.

நிறுத்திவிட்டேன். வண்டி வழியில் நின்றால் பின்பக்கம் போய் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. கையில் சிவப்பாக ஏதும் இல்லாததால் மூட்டையைப் பிரித்து அதில் இருந்த சிவப்புப் போர்வையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து போய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைத்தெருவே நின்றுவிட்டது. ஹாரன் அடிக்கிறார்கள், திட்டுகிறார்கள், ஒருவர் என்ன போராட்டம் என்று கேட்கிறார். நான் அசையவில்லை. கடைசியில் நாலு பேர் சேர்ந்து காரை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அத்தை போர்வையைத் திரும்பத் துவைத்துப் போட்டாள்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். காரோடு வந்த கையேட்டைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போனேன். அதில் எந்த விளக்கைப் பற்றிப் படித்தாலும் கடைசி வரி, சர்வீஸ் சென்டரை உடனே அணுகவும். அணுகினேன். கண்ணாடி அறை, சோபா, காபி, எல்லாம் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, கையில் இருந்த மெஷினைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த பார்ட்டைக் கேட்டாலும் அது பக்கத்து பார்ட்டோடு தொடர்பு இல்லை என்கிறதாம். என் ஆபீசில் கடைசிக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டிருக்கும், கம்பெனியிலிருந்து வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். குழந்தை எப்போது வரும் என்று சொல்லிவிட்டார்கள், பெட்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாதா என்று கேட்டேன். எந்தக் குழந்தை சார் என்றார். வண்டியை வீட்டுக்கே திரும்ப இழுத்துவந்தேன்.

அப்புறம் கீழ்வீட்டு டெய்லர் தனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தார். அவருக்கு ஊரில் பேர் ஷாக். அவர் கரண்ட் ஷாக் வாங்காத இடமே இல்லையாம், அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. வாயைத் திறந்தால் மூட மாட்டார். சர்வீஸ் சென்டர்காரர்களை எல்லாம் ஒரு பிடி பிடித்துவிட்டு பானெட்டைத் திறந்தார். முதலில் ஆல்டர்னேட்டர் என்றார், அதைக் கழற்றி மாட்டினார், அது இல்லை. பிறகு ஒரு ஒயரை எலி கடித்திருக்கிறது என்று சத்தியம் செய்தார், எலியும் இல்லை. இரண்டு முறை தோற்ற பிறகுதான் பேட்டரி மேல் கை வைத்தார். கை வைத்ததும் அதன் கிளாம்ப் கையோடு வந்துவிட்டது.

இதை யார் தினமும் கழற்றி மாட்டுகிறீர்கள் என்றார். நான்தான் என்றேன். மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. கார் வந்த நாளிலிருந்து சாயங்காலம் ஆனால் பானெட்டைத் திறந்து பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, காலையில் திரும்ப மாட்டுவேன். ஆள் இல்லாத இடத்தில் கரண்ட் இருக்கக் கூடாது, வேலை முடிந்தால் இணைப்பைத் துண்டித்து வை. இது நான் பணியில் சேர்ந்த அன்று கற்றது. அது இன்னொருவர் கார், அதில் தீப்பிடித்தால் நான் பாப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? ஷாக் என்ன சொல்கிறார் என்றால், கழற்றிக் கழற்றி மாட்டியதில் கிளாம்ப் லூசாகி, வண்டி ஸ்டார்ட் ஆகும்போது கரண்ட் ஒரு நொடி படுத்து எழுந்திருக்கிறதாம், அதில் கார் மிரண்டுபோய் எல்லா விளக்கையும் போட்டுவிட்டதாம். அவ்வளவுதானாம். டெய்லர் கழுத்தில் டேப்போடு நின்று சிரிக்கிறார். என் முகத்தில் ஈயாடவில்லை. ஷாக் கிளாம்பை இறுக்கினார், சாவியைத் திருகினார், எல்லா விளக்கும் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தது.

ஒன்றைத் தவிர. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. அது எரிகிறது. இப்போது போய் வண்டியைக் கிளப்பினாலும் எரியும்.

ஷாக் அதற்கும் பதில் வைத்திருந்தார். பழைய கோளாறு ஞாபகத்தில் இருப்பதால் எரிகிறதாம், மெஷின் வைத்து அழித்துவிடுகிறேன் என்றார். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். கோளாறு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் விளக்கை மட்டும் அணைப்பவனை எங்கள் வேலையில் மறுநாள் உள்ளே விட மாட்டார்கள். வேறு வழி என்ன என்றேன். நெடுந்தூரம் ஓட்டினால் அதுவாகவே அணையும் என்றார். பாருங்கள் மாப்பிள்ளை என் நிலைமையை. விளக்கு அணைந்தால்தான் நான் ஓட்டுவேன், ஓட்டினால்தான் விளக்கு அணையும். தினமும் காலையில் எழுந்து போய் சாவியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கிறேன். எரிகிறது. இறங்கிக் காரைச் சுற்றி வந்து மறுபடி பார்க்கிறேன். எரிகிறது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நேற்று உங்கள் அத்தை துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டால் சமாளிக்கலாம். "மஞ்சளுக்கு உங்க ரயில் நிக்குமா?" என்று கேட்டாள். நிற்காது. மஞ்சள் என்றால் போகலாம், பார்த்துப் போக வேண்டும், அடுத்த விளக்கில் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். "உங்களுக்கு இந்த விளக்கு மேல பயமில்ல. அங்க வந்து அவள பாக்கத்தான் பயம்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

என்னிடம் ஒருவரும் முகத்துக்கு நேராக இப்படிச் சொன்னதில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்களும்தான் நின்றிருந்தீர்கள். அந்தக் கதவுக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதைப் பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலை தெரியவில்லை. அது அணைந்தது. அணைந்ததும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது வாருங்கள் என்று உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கதவு திறந்து நர்ஸ் வெறுங்கையோடு வந்து, குழந்தை தங்கவில்லை என்று சொன்னதும் ஞாபகம் இருக்கும். பாப்பாவைப் பார்க்க உள்ளே போனவர்கள் நீங்களும் அத்தையும்தான். நான் போகவில்லை. வராந்தாவில் யார் யாரோ உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை, விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் தேவலை. மறுபடி அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க என்னால் முடியாது மாப்பிள்ளை. பயமாக இருக்கிறது. இதைத்தான் நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்து சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஆகவே, கார் சரியில்லை, மாமாவும் அத்தையும் வர இயலவில்லை என்று பாப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும். என் மேல் பழியைப் போட்டாலும் சரி. அவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும், ஜன்னல் பக்கம் படுக்க வைக்கவும், நீங்களும் தூங்கவும். தாயும் பிள்ளையும் இரண்டு உயிராகப் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும், அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போனபோது ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். கார் இல்லை. இறங்கி ஓடினேன். டெய்லர் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: ஷாக் ஓட்டுகிறாராம், உங்கள் அத்தை பின்சீட்டில், மூட்டை முன்சீட்டில், பெல்ட் போட்டுத்தான் இருக்கிறதாம். எனக்கு ஒரு சேதியும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "அவர பஸ்ல வரச் சொல்லுங்க. பஸ்ல டிரைவர் மட்டும்தான் விளக்க பாக்கணும்."

மேலே எழுதியிருப்பது எதையும் பாப்பாவிடம் சொல்ல வேண்டாம். அத்தை சாயங்காலத்துக்குள் அங்கே இருப்பாள். நான் துணியை எடுத்து வைத்துவிட்டேன், அடுத்த பஸ்ஸில் வருகிறேன், இந்தக் கடிதத்தை நானே உங்கள் கையில் கொடுப்பேன். படித்துக்கொண்டு நிற்காதீர்கள் மாப்பிள்ளை. நான் வராந்தாவில் நின்றுவிடுவேன், எனக்கே தெரிகிறது. என்னை வாங்க மாமா என்று மரியாதையாகக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் வர மாட்டேன். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் பாப்பா பக்கத்தில் விட்டுவிடுங்கள்.