நாலுபக்க அண்ணாச்சியும் நாளுக்கு ஒரு படமும்

மனிதர்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகைப் பார்த்து "அசையாம நில்லுங்க" என்று படம் எடுத்த ஒரே ஆள், தூத்துக்குடியில் என்ன, இந்த உலகத்திலேயே எங்கள் நாலுபக்க அண்ணாச்சியாகத்தான் இருப்பார். முகத்துக்கும் முதுகுக்கும் அவர் பேதம் பார்த்ததே கிடையாது.

அவர் எங்கள் மாடி வீட்டுக்காரர். துறைமுகத்தில் கன்டெய்னர் சர்வேயர். கப்பலில் ஏறும் முன் ஒவ்வொரு பெட்டியையும் முன், பின், இடம், வலம் என்று நாலு பக்கமும் படம் எடுத்து, எங்கே நெளிவு, எங்கே துரு, எங்கே ஓட்டை என்று எழுதிவைப்பது வேலை. அதையே முப்பது வருடம் செய்தவருக்கு வேறு மாதிரி எடுக்க வரவில்லை. பெட்டியானாலும் பெண்ணானாலும் நாலு பக்கம். சேதம் ஏதாவது கண்ணில் பட்டால், கிட்டத்தில் போய் ஐந்தாவதாக ஒரு படம். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது.

எதிர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் போட்டோகிராபர் வரத் தாமதமானது. அண்ணாச்சி தானாக முன்வந்தார். மாப்பிள்ளையை நாலு பக்கமும் எடுத்தார். பிறகு தலையைக் குனியச் சொல்லி, உச்சந்தலையைக் கிட்டத்தில் எடுத்தார். அங்கே முடி கொஞ்சம் குறைவு. அதுவரை பெண் வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது.

மாப்பிள்ளையின் அப்பா எகிறிக்கொண்டு வந்தார். "வே, இத எதுக்குவே படம் புடிச்சீரு?"

"ஏத்துறதுக்கு முன்னாலயே காமிச்சிறணும்லா? எறக்குன பொறவு தகராறு வரக் கூடாது பாருங்க."

நல்லவேளை, முதலில் சிரித்தது மணப்பெண். கல்யாணம் நடந்துவிட்டது.

சென்னையில் இருக்கும் தன் தங்கைக்கு மக்ரூன் இனிப்பு அனுப்பினாலும் அப்படித்தான். டப்பாவை நாலு பக்கமும் எடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் போன் போடுவார்: "மேல் வரிசையில எத்தன ஒடைஞ்சிருக்கு, படத்தோட சொல்லு."

இந்த மனிதரிடம் போய் நான் ஒரு தீர்மானத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

என் கணவர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். மகள் ஜெனிக்கு நாலு மாதம் இருக்கும்போது கப்பல் ஏறினார். அன்றிலிருந்து நான் படம் எடுத்துத் தள்ளினேன். பிள்ளை தூங்கினால் படம். விழித்தால் படம். தூக்கத்தில் மூச்சு வருகிறதா என்று சந்தேகம் வந்தால் வீடியோ. எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பினேன். கப்பல் இணையத்தில் ஒரு படம் உச்சியிலிருந்து மெல்ல மெல்லத்தான் இறங்குமாம். மூக்கு வருவதற்குள் அடுத்த படம் வந்து முட்டிக்கொள்ளுமாம்.

டிசம்பர் கடைசியில் போனில் சொன்னார். "கப்பல் ஏறுனதுலருந்து பிள்ளைய நெத்தி வரைக்குந்தான் பாத்திருக்கேன். இத்தன அனுப்பாத. அவ முத அடி வைக்கும்போது ஒண்ணு எடுத்து அனுப்பு, போதும். அத மட்டும் விட்றாத."

அவர் கேட்டது அந்த ஒன்றுதான். என் போனோ இடமில்லை, இடமில்லை என்று நாளுக்கு நாலு முறை சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அது வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வேன்?

புத்தாண்டுக் காலை அண்ணாச்சி கேக் தட்டோடு படியிறங்கி வந்தார்.

"ஏளா, புது வருசத்துக்கு என்ன தீர்மானம்?"

"பழைய படத்தை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன் அண்ணாச்சி. இனிமே நாளுக்கு ஒரே ஒரு படம். உங்களுக்கு?"

பின்னாலேயே வந்த மதினி, அவர் மனைவி, முந்திக்கொண்டார். "இவுகளுக்கு நான் சொல்லுதேன். மனுசங்கள இனிமே மூஞ்சிய மட்டுந்தான் எடுக்கணும். முதுகும் கூடாது, சேதமும் பாக்கக் கூடாது. எங்க கல்யாண நாள் படத்துல என் கால் வெடிப்புல்லா பெருசா நிக்கி!"

அண்ணாச்சி எங்கள் வீட்டு மாதா படத்தின் முன்னால் நின்று சத்தியமே செய்துவிட்டார். ஒருவரை ஒருவர் கண்காணிப்பது என்றும் முடிவானது.

முதல் நாள் என் படம் காலை ஆறரைக்கே ஒரு கொட்டாவிக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் அன்று பிள்ளை செய்ததெல்லாம் அழகு. இரண்டாம் நாள் நல்லதாக ஒன்று வரும் என்று பொத்திப் பொத்தி வைத்தேன். பிள்ளை ஏழு மணிக்கே தூங்கிவிட்டாள். மூன்றாம் நாள் கை தவறி மின்விசிறியை எடுத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, இது சேருமா?"

"க்ளிக் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்போ சேரும்."

கணவருக்கு அன்று மின்விசிறிதான் போயிற்று. "நல்லாருக்கு. பிள்ள எங்க?" என்று பதில் வந்தது.

அண்ணாச்சி பாடு அதைவிட மோசம். ஆளைச் சிரிக்கவைக்க அவருக்குத் தெரியாது. கிரேன்காரரை நிறுத்தும் குரலில் "சிரிங்க!" என்பார். மீன் கொண்டுவரும் அக்கா கூடையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் முகத்தை எடுத்ததும் கால் தானாக அடுத்த பக்கம் நகரும். முதுகுப் பக்கம் போய் நின்ற பிறகுதான் சத்தியம் நினைவுக்கு வரும். அங்கே எடுக்காமலே திரும்புவார்.

ஜனவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெனியின் கழுத்தில் ஒரு சிவப்புத் தடிப்பு. அம்மையோ, வேறு எதுவோ என்று படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். "கொசு" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. அன்றைய படம் கொசுவுக்குப் போயிற்று.

பத்து மணிக்கு வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வாளியைப் பிடித்து நின்றிருந்த பிள்ளை கையை விட்டாள். என்னைப் பார்த்தாள். ஒரு அடி வைத்தாள்.

போன் என் கைக்கு வந்துவிட்டது. எடுக்கலாமா? பதினைந்து நாள் ஒரு தீர்மானத்தைக் காப்பாற்ற முடியாதவள் பிள்ளையை எப்படி வளர்க்கப் போகிறாள்? அதற்காக என் கணவர் கேட்ட அந்த ஒன்றையும் விட்டுவிடுவதா? நான் யோசித்து முடிப்பதற்குள் இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் சாய்ந்தாள். போனைத் தரையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். வந்து விழுந்தாள்.

பிள்ளையைக் கட்டிக்கொண்டு, "போச்சே, எடுக்காம விட்டுட்டேனே" என்று அழுதேன்.

"ஏளா, அழாத. முன்பக்கம் இருக்கு."

காயும் போர்வையை விலக்கிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் அவருடைய போன். மேல்மூச்சு வாங்கியது.

"இடப்பக்கம் இருக்கு. வலப்பக்கமும் இருக்கு. பின்பக்கந்தான்… லேசா ஆடிட்டு."

பிள்ளை வைத்தது மூன்றே அடி. அதற்குள் அந்தத் தொந்தியைத் தூக்கிக்கொண்டு வாசலை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார்! சுற்றியவர், மாடியிலிருந்து எட்டிப்பார்த்த மதினியைக் கண்டதும் தலையைத் தொங்கப்போட்டார். "சத்தியம் போச்சுளா."

"போனாப் போட்டும். மாதாவுக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார் மதினி.

நாலையும் கணவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "பின்னாலருந்து எடுத்தது முழுசா இறங்கிட்டு. பிள்ளையோட முதுகு. அதுக்கு நேரா கைய நீட்டிக்கிட்டு உன் மூஞ்சி. இத்தன மாசமா நீ அனுப்புன ஒரு படத்துலயும் நீ இல்ல, தெரியுமா? அத அறையில ஒட்டி வச்சிருக்கேன்."

அண்ணாச்சி ஐந்தாவதாக ஒரு படம் எடுத்திருந்தார் என்பது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. என் முகம், கிட்டத்தில். அடியில் வேலைப் பழக்கத்தில் எழுதியிருந்தார்: "கண் இரண்டிலும் நீர்க்கசிவு. மற்றபடி நல்ல நிலை."

போன ஆகஸ்டில் ஓய்வு பெற்று, சொந்த ஊரான ஆலந்தலைக்கு மதினியோடு போய்விட்டார். ஜெனி இப்போது ஓடுகிறாள். கணவர் வந்து, இருந்து, மறுபடியும் கப்பல் ஏறிவிட்டார். இந்தப் புத்தாண்டில் பழைய படங்களை அடுக்கும்போது தேடிப் பார்த்தேன். அண்ணாச்சியின் படம் ஒன்றுகூட இல்லை. எல்லாப் படத்திலும் அவர் கேமராவுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார்.

இந்த வருடம் எனக்குத் தீர்மானம் ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆலந்தலைக்குப் போய், அவரை வாசலில் அசையாமல் நிற்கச் சொல்லி, நாலு பக்கமும் எடுத்துவிட வேண்டும். ஐந்தாவது படத்துக்கு அவரிடம் சேதம் எதுவும் கிடைக்காது.