ஆஃப் பண்ணக் கூடாத கார்

பழைய கார் வாங்கி ஏமாந்த கதை ஒன்று எல்லோரிடமும் இருக்கும். என்னிடம் இல்லை. என்னை யாரும் ஏமாற்றவில்லை. வண்டிக்கு என்ன கோளாறு, அது எப்போது வரும், வந்தால் எவ்வளவு நேரம் இருக்கும் என்று வாங்கும் முன்பே விலாவாரியாகச் சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் வாங்கினேன். ஏமாந்தவனைப் பார்த்து நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

அது 2008. கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தேன். வயது முப்பத்திரண்டு. அதுவரை ஆறு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது, ஆறும் அமையவில்லை. (ஒரு வீட்டில் எனக்கு நெற்றி ஏறுகிறது என்றார்களாம். இப்போது என்னைப் பார்க்கிறவர்களுக்கு அவர்களுடைய தொலைநோக்கு புரியும்.) அப்பா இல்லாத வீடு என்பதால் எல்லாவற்றையும் முன்னின்று பேசுகிறவர் தாய்மாமன் கோவிந்தராஜ். அவர் தீர யோசித்து, குறை என் நெற்றியில் இல்லை, நாங்கள் பஸ்ஸில் போய் இறங்குவதில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

"கார்ல போய் எறங்குனா மரியாதயே வேற மாப்ள" என்றார்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பின்னால் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த பாஷா பாயிடம் ஒரு வெள்ளைக் கார் விற்பனைக்கு நின்றது. (கம்பெனி பெயர் வேண்டாம். வண்டி பதினைந்து வருடம் உழைத்துக் களைத்தது, அதற்குக் கம்பெனி என்ன செய்யும்.) சொந்தக்காரர் பெங்களூருக்குப் போய்விட்டார். பாய் பொய் பேசத் தெரியாத மனிதர். காயில் மாற்றியாயிற்று, பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று, கார்புரேட்டரை எத்தனையோ முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பத்து நாள் ஒழுங்காக இருந்துவிட்டு மறுபடி அதே வேலையைக் காட்டுகிறது என்று வரிசையாகச் சொன்னார்.

"என்ன வேலை பாய்?"

"சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணிட்டா எழுந்திரிக்காது வாத்தியாரே. முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம் கழிச்சி, தானா ஆறி தானா எழுந்துக்கும். வியாதின்னா வைத்தியம் பாக்கலாம். இது கொணம்."

நான் அங்கேயே நின்று யோசித்தேன். ஓடுகிற வண்டியை நடுவழியில் எதற்காக ஆஃப் பண்ணப் போகிறோம்? போய்ச் சேர்ந்த பிறகுதானே ஆஃப் பண்ணுவோம்? போய்ச் சேர்ந்த பிறகு அது எழுந்தால் என்ன, எழாவிட்டால் என்ன? திரும்பி வர வேண்டும் என்பது மட்டும் அந்தச் சமயத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வெப்பவியல் நடத்திக்கொண்டிருந்தவன் நான்.

ஏழாவது இடம் சிதம்பரம், கனகசபை நகர். பெண் பெயர் மாலதி, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அப்பா சேத்தியாத்தோப்பில் இருபது வருடம் ரைஸ் மில் நடத்திவிட்டு ஓய்ந்தவர். மாலதியின் போட்டோ வந்த நாளிலிருந்து அது என் பாடக்குறிப்பு நோட்டில்தான் இருந்தது. அதற்கு முந்தைய ஆறு இடங்களுக்கும் வீட்டில் சொன்னார்களே என்று போனேன். இந்த இடம் அமைய வேண்டும் என்று நானே ஆசைப்பட்டேன். வாய்விட்டுச் சொன்னால் அமையாமல் போய்விடுமோ என்று பயந்து அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரைக்குக் கிளம்பினோம். நான், அம்மா, மாமா. ஆலப்பாக்கத்தில் மாமா டீ வேண்டும் என்றார். எஞ்சினை ஓடவிட்டபடி ஜன்னல் வழியாகவே டீ வாங்கிக் குடித்தார். டீக்கடைக்காரர், ஏதோ அவசரம் போல என்று எங்களுக்கு முதலில் கொடுத்தார். மாமாவுக்கு அது காரால் கிடைத்த மரியாதை.

பெண் வீட்டிலும் அதே திட்டம்தான். கேசரி, காபி, பெண், வணக்கம் சொல்லிக் கிளம்பிவிடுவது. கால் மணி நேரத்துக்கு வண்டி ஓடிக்கொண்டே வாசலில் நிற்கட்டும் என்று மூவரும் ஏகமனதாக முடிவு செய்திருந்தோம். மூன்று பேரில் ஒருவருக்காவது புத்தி வேலை செய்திருக்கலாம்.

போய் இறங்கினோம். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். மில்லுக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியை ஆஃப் பண்ண மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். மாமா சற்றும் தயங்காமல், உள்ளே ஏ.சி. ஓடுகிறது, வண்டி குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றார். நாலு கண்ணாடியும் இறக்கிவிடப்பட்டு, அம்மாவின் துண்டு ஒரு ஜன்னலில் உலர்ந்துகொண்டிருந்தது. மில்லுக்காரர் அதையும் பார்த்தார்.

கேசரி வந்தது. வெளியே வண்டி டடடடவென்று உறுமிக்கொண்டிருந்ததில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. என் சம்பளத்தை அவர் இரண்டு முறை கேட்க, நான் இரண்டாம் முறை கத்திச் சொன்னது எதிர்வீடு வரை கேட்டிருக்கும். பிறகு மாலதி காபித் தட்டோடு வந்தாள். வரும்போது முகத்தில் லேசாகச் சிரிப்பு இருந்தது. வாசல் பக்கம் பார்வை போனது. சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. காபியை வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மில்லுக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. போன மாசம் ஒருத்தவுங்க வந்தாங்க, காபி ஆறதுக்குள்ள எழுந்து போய்ட்டாங்க. நீங்க எறங்கும்போதே வண்டிய ஸ்டார்ட்லயே வச்சிட்டு வந்துருக்கீங்க. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடுங்க. எம் பொண்ணு மனசு ஒடஞ்சி போவுது."

மாமா வாயைத் திறந்தார். இன்னொரு ஏ.சி. வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. நான் எழுந்தேன். வாசலுக்குப் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்பினேன்.

தெரு திடீரென்று அமைதியானது. மாமா என் பின்னாலேயே ஓடிவந்து, பள்ளிக்கூடத்தையே விற்றுவிட்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"என்னா மாப்ள பண்ணிட்ட" என்றார்.

கௌரவம் கருதி ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். பிறகு வணக்கம் சொன்னோம், ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றோம், காரில் ஏறினோம், இறங்கினோம். மறுபடி ஏறினோம். தெருவே கூடித் தள்ளியது. முனை வரை தள்ளி, அங்கிருந்து திருப்பி, பெண் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். தள்ளியவர்களில் முன்னால் நின்றவர் மில்லுக்காரர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஈரச் சாக்கைக் கொண்டுவந்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டார். மில் எஞ்சினோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவருக்கு, பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுவதைவிட இது சுலபமாக இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

அந்த நேரத்தில் சாக்கில் ஊற்றத் தண்ணீர்ச் செம்போடு வந்தது மாலதி. மில்லுக்காரர் ஒரு கந்தல் துணி தேடி உள்ளே போக, நாங்கள் இருவரும் பானெட்டின் இரு பக்கமும் நின்றோம். அவள்தான் கேட்டாள்.

"இது இப்படி நின்னுடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சிதான் வாங்கனேன்."

"அப்ப எதுக்கு ஆஃப் பண்ணீங்க?"

ஏ.சி. என்று சொல்ல நான் மாமா இல்லை. "ஒங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சி. அதான்" என்றேன்.

அவள் செம்பிலிருந்த தண்ணீரைச் சாக்கின் மேல் நிதானமாக ஊற்றினாள். முழுவதும் ஊற்றி முடித்துவிட்டு உள்ளே போனாள். "அம்மா, மூணு எலை சேத்துப் போடுங்க" என்று அவள் சொன்னது வாசல் வரை கேட்டது.

இங்கேதான் மாமாவுக்குச் சோதனை வந்தது. எங்கள் பக்கத்தில், நிச்சயம் ஆகும் முன் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கேசரி, காபியோடு சரி. சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பேச வேண்டியது எதுவும் பேசவில்லை. பத்து பொருத்தத்தில் எட்டுதான் பார்த்திருந்தார்கள். மாமா விறைப்பாக உட்கார்ந்து பசியே இல்லை என்றார். மணி ஒன்றரை. நாங்கள் போனபிறகு சாப்பிடுவதற்காக அவர்கள் வைத்திருந்த விரால் மீன் குழம்பு சமையலறையில் கொதித்தது. மாமாவின் மூக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அம்மா கண்ணாலேயே மிரட்டினாள். ஐந்து நிமிடம் தாக்குப் பிடித்திருப்பார். பிறகு, வண்டி ரிப்பேரான இடத்தில் சாப்பிடுவது கை நனைப்பதில் சேராது என்று புதிதாக ஒரு சாஸ்திரம் சொல்லிக்கொண்டே இலை முன்னால் போய் உட்கார்ந்தார். மூன்று முறை குழம்பு வாங்கிக்கொண்டார். நான்காம் முறை மில்லுக்காரரை "சம்மந்தி" என்று கூப்பிட்டுவிட்டார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என் இலைக்கு மீன் வைத்தது மாலதி. முள் பார்த்துச் சாப்பிடச் சொன்னாள். எனக்கு அன்றைக்கு முள்ளும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை. அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பியதும் ஒரே முறையில் ஸ்டார்ட் ஆனது. வாசலில் நின்றிருந்த மாலதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆவணியில் கல்யாணம். இரண்டு வருடம் கழித்து வண்டியை விற்றோம், வாங்கியவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றோம்.

என் மாமனாருக்கு மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நம்பிக்கை ஊறிவிட்டது. 2012இல் மாலதியின் தங்கைக்கு வரன் பார்க்க ஆரம்பித்தோம். முதலில் வந்தவர்கள் பளபளக்கும் புதுக் காரில் வந்து இறங்கினார்கள். மாமனார் அதை ஒரு சுற்று சுற்றி வந்து, இதில் ரிப்பேர் ஏதாவது வருமா தம்பி என்று ஆவலோடு கேட்டார். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது, ஒரு குறையும் இல்லை என்று மாப்பிள்ளை பெருமையாகச் சொன்னார். மாமனார் முகம் தொங்க உள்ளே வந்து, என்னிடம் "இது அமையாது மாப்ள" என்றார். அமையவில்லை.

அடுத்து வந்தவர்கள் விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். காபி குடித்துவிட்டுக் கிளம்பி, பஸ் ஸ்டாண்ட் போய், பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் என்று தெரிந்துகொண்டு, வெயிலுக்கு ஒதுங்க மாமனார் வீட்டுக்கே திரும்பி வந்தார்கள். சங்கடத்தோடு வாசலில் தயங்கி நின்றவர்களை மாமனார் உள்ளே வரச்சொல்லவில்லை. அவர் அங்கே இல்லை. தெரு முனையில் அவர்களைப் பார்த்த உடனேயே, இலை வாங்கக் கடைக்கு ஓடிவிட்டார்.