நாற்பது படி பிரியாணி

“முப்பத்து மூணுதான் தங்கச்சி. சாக்கை உதறிப் பாத்துட்டேன், ஒரு மணி கூட இல்ல,” என்று பண்டாரி முகைதீன் பிச்சை படியைக் கவிழ்த்து வைத்தார்.

ஜரீனா சாக்கைப் பிடுங்கித் தானும் உதறிப் பார்த்தாள். விடிந்தால் மகள் சப்ரினுக்கு நிக்காஹ். நாற்பது படி பிரியாணி ஆக்கிப் போடுவதாகத் தேவகோட்டையில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சமையல்காரர் அளந்தால் ஏழு படி குறைகிறது!

“எப்படிக் குறையும்?” கொழுந்தன் முனீர் போனை நீட்டினான். “படி ஒன்றரை கிலோ. நாப்பது படிக்கு அறுபது கிலோ. எடை போடும்போது நான் பக்கத்துல நின்னேன் மதினி.”

முனீர் ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட்டில் இருந்தவன். உழக்கு, படி, மரக்கால் எதைக் கேட்டாலும் கிலோவுக்கோ லிட்டருக்கோ மாற்றினால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

“உங்க போனு தலையைத் தட்டி அளக்குது தம்பி,” என்றார் பிச்சை. “நான் கோபுரமா அளக்குறேன். கல்யாண அரிசியைத் தலை தட்டி அளக்குறவன் பண்டாரியா?”

“கோபுரத்துக்கு எத்தனை கிராம்?”

“அது என் கை, அன்னைக்கு இருக்கிற மனசு. இன்னைக்கு மனசு நல்லா இருந்துச்சு.”

ஜரீனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். போன மாதம் இதே தெருவில் ஒரு கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குச் சோறு தீர்ந்துபோய், கடையிலிருந்து புரோட்டா வாங்கிப் போட்டார்கள். இன்றைக்கும் அது ‘புரோட்டா வீடு’தான். அந்த வீட்டிலாவது ஆண்பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். சப்ரினின் அத்தா மவுத்தாகி எட்டு வருடம் ஆகிறது. ‘ஆம்பளை இல்லாத வீடு, அதான் பத்தல’ என்று சொல்ல ஊர் வாயைக் கழுவிக்கொண்டு காத்திருந்தது. செத்தாலும் அந்தச் சொல்லைக் கேட்க மாட்டேன் என்று ஜரீனா இருந்தாள்.

“மறுபடி அளங்க அண்ணே. முனீரு, நீ எண்ணு.”

பிச்சை முதல் மூட்டையைப் பிரித்து, “லாபம்... ரெண்டு... மூணு...” என்று போட ஆரம்பித்தார். ஒவ்வொரு மூட்டைக்கும் அப்படித்தான் தொடங்கினார். மூன்று மூட்டையும் முடிந்ததும் முனீர், “முப்பதுதான் வருது! மூணு படி மாயமாப் போச்சு!” என்று கத்தினான்.

“லாபத்தைச் சேத்தீகளா தம்பி?”

“லாபத்தை எதுக்குச் சேக்கணும்? நாம என்ன விக்கவா போறோம்?”

“அடப் பாவி மனுசா! முதல் படியை ‘ஒண்ணு’ன்னு சொல்ல மாட்டோம், ‘லாபம்’னுதான் சொல்லுவோம். நீ இந்த ஊர்லதான் பொறந்தியா?”

இருவரும் படியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் அரைப்படி அரிசி முற்றத்தில் கொட்டியது. அதைப் பொறுக்க நேரமில்லை.

“உங்க படியும் வேணாம், அவன் போனும் வேணாம். பொதுவா ஒரு படி கொண்டாந்து அளப்போம்,” என்று ஜரீனா எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

மெய்யம்மை ஆச்சி பித்தளைப் படியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தானே வந்துவிட்டார். “எங்க அப்பச்சி எனக்குச் சீராக் குடுத்தது. இதுக்கு மேல ஒரு படி காரைக்குடியில எவ வீட்டுல இருக்கு, கொண்டாரச் சொல்லு பாப்போம்!”

“இது படியா, அண்டாவா?” என்றான் முனீர்.

அளந்தார்கள். இருபத்தெட்டு!

“பேசாம ஆச்சி படியைத் திருப்பிக் குடுத்துருவோம் மதினி,” என்று முனீர் காதோரம் வந்தான். “என் கணக்குல நாப்பது இருக்குல்ல? எவன் வந்து அளக்கப் போறான்?”

ஜரீனா இடுப்பில் முந்தானையைச் செருகினாள். “பெரிய படியைக் கண்ணால பாத்துட்டுச் சின்னப் படியில ஒளியச் சொல்றியா? ஒருத்தன் வாய்க்கும் நான் பயந்தவ இல்ல. நாப்பது படின்னா ஆச்சி படிக்கு நாப்பது படி. அதுவும் கோபுரமா. போயி அரிசி வாங்கிட்டு வா!”

“சபாஷ்!” என்றார் ஆச்சி.

அரிசி வந்தது. அரிசி ஏறினால் கறி ஏற வேண்டாமா? படிக்கு இரண்டு கிலோ என்று பிச்சை பிடிவாதம் பிடித்ததில் இன்னும் இரண்டு ஆடு உயிரை விட்டன. நெய்யும் தயிரும் வெங்காயமும் ஆட்டோவில் வந்து இறங்கின. அப்புறம் பார்த்தால் பிரியாணி ஆக்குகிற தேக்சா பத்தவில்லை. பள்ளிவாசல் தேக்சாவை எட்டுப் பேர் உருட்டி வந்தார்கள். அது கொல்லை வாசலில் நுழைய மாட்டேன் என்றது.

“வாசலோட அகலம் மூணு அடி. தேக்சாவைச் சென்டிமீட்டர்ல...” என்று முனீர் டேப்பை எடுத்தான்.

“டேப்பை உள்ள வை. சுவரை இடி!” என்றாள் ஜரீனா.

இடித்தார்கள்.

மறுநாள் நிக்காஹ் முடிந்து பந்தி நடந்தது. தேவகோட்டைக்காரர்கள் மூக்குப்பிடிக்கத் தின்றார்கள். தெரு தின்றது, பக்கத்துத் தெரு தின்றது, பந்தல்காரரும் வீடியோக்காரரும் இரண்டு தடவை தின்றார்கள். ‘புரோட்டா வீட்டு’க்கு ஜரீனா தனியாக ஒரு சட்டி கொடுத்தனுப்பினாள். பாவம் பார்த்துத்தான் அனுப்பினாள் என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும்.

கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. பள்ளிவாசல் தேக்சாவுக்கு இன்னும் மூடியே திறக்கவில்லை. ஆச்சி வீட்டுக்கு நாலாவது சட்டி போனபோது, “இனிமே இந்தப் பக்கம் பிரியாணி வந்துச்சு, கதவைச் சாத்திருவேன்” என்று பதில் வந்தது.

“இதை என்ன மதினி செய்ய?” என்று முனீர் முனகினான்.

“மிஞ்சட்டுமே! பத்தலன்னு ஒரு நாக்காவது சொல்லுச்சா? ஆம்பளை இல்லாத வீட்டுல ஆக்குன சோறுடா இது. நல்லாப் பாத்துக்க!” ஜரீனா தேக்சா மூடியைத் தட்டிக் காட்டினாள். எட்டு வருடமாக நிமிராத முதுகு அன்றைக்கு நிமிர்ந்து நின்றது.

அப்போது இடித்த சுவர்ப் பக்கமாக ஒரு வேன் பின்னோக்கி வந்து நின்றது. டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

“கோவிச்சுக்காதீக அக்கா, தேவகோட்டை ரோட்டுல டயரு வெடிச்சுப் போச்சு. உங்க கொழுந்தனாரு போன்ல அறுபது கிலோன்னு சொன்னாராம்ல, ‘ஐயோ, நம்ம ஊருப் படிக்கு இது பத்தாது, ஒத்தப் பொம்பளைக்கு ஊர்ல தலைகுனிவாயிரும்’னு மாப்பிள்ளையோட அம்மா நாப்பது படி ஆக்கி அனுப்பியிருக்காக, தேக்சாவை எங்குட்டு இறக்க?”